தோற்றார்க்கு உயிர்விடை: மேசைப் புனைவாட்ட விதிநூல்கள் பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

போரில் தோற்றுப் படைக்கலம் இழந்து நிற்பானை என் செய்வது என்னும் வினா, போர் எத்துணைப் பழமையுடையதோ அத்துணைப் பழமையுடையது. புறப்பொருள் இலக்கணம் பயின்றார்க்கு இவ்வினா புதிதன்று. புறங்கொடுத்து ஓடுவார்மேல் படை ஓச்சாத பெருமிதத்தைத் தழிஞ்சி எனத் துறையாக வகுத்து வைத்தது புறப்பொருள் வெண்பாமாலை. எனினும், யாம் ஈண்டு ஆராயப் புகுவது அம்மரபை அன்று. அமெரிக்க நாட்டில் 1970களில் தோன்றி இன்று உலகின் பல பகுதிகளிலும் ஆடப்பெறும் மேசைப் புனைவாட்டங்களின் விதிநூல்களில் இவ்வினா எவ்வெவ்வாறு விடை பெற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். தழிஞ்சிக்கும் இவ்வாட்டங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கற்பார்க்குப் பொருள் எளிதில் விளங்குதற்பொருட்டே அச்சொல்லை முதற்கண் நினைவூட்டினோம்.

ஆட்டத்தை ஆராய்தல் இலக்கியத் துறையார்க்குத் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். இவ்வாட்டம் காய் நகர்த்தும் ஆட்டம் அன்று. கதை கட்டும் ஆட்டம். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை மேற்கொள்வர். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரம் வல்லார், ஒருவர் கள்வன் என்றிவ்வாறு. நடுவர் ஒரு நிலவறையையோ காட்டையோ சொல்லாற் புனைந்து காட்டுவார். ஆடுவோர் தத்தம் மாந்தர் செய்வதை வாயாற் கூறுவர். வெற்றி தோல்வி ஐயத்துக்கு இடமாகும்போது பகடை உருளும். இவ்வாறு வாய்மொழியாகப் பிறக்கும் கதை அன்றிரவே காற்றோடு கலந்துவிடும். நிலைத்து நிற்பது விதிநூல் ஒன்றே. இலக்கியம் அழிந்தொழிய இலக்கணம் மட்டும் எஞ்சியது போன்ற நிலை இது. எஞ்சிய இலக்கணத்தைக் கொண்டு அழிந்த இலக்கியத்தின் இயல்பை உய்த்துணரும் முறை நம் துறைக்குப் புதியதா என்ன?

இவ்வாட்டங்களைப் பற்றிப் பரவலாக நிலவும் கருத்து ஒன்றுண்டு. தொடக்கக் காலத்து ஆட்டங்கள் கண்டாரையெல்லாம் கொன்று பொருள் கவரும் கொடுமை மிக்கன என்றும், காலம் செல்லச் செல்ல அவை இரக்கம் உடையன ஆயின என்றும் கூறுவர். விதிநூல்களைக் கால முறையில் வைத்து நோக்குவார்க்கு இக்கருத்து முழுதும் பொருந்துவதாகத் தோன்றாது.

முதற்கண் தோற்றுவாயைக் காண்போம். புனைவாட்டத்தின் மூதாதை போராட்டம். அஃதாவது, போர்ப் பயிற்சிக்கென அமைந்த மேசை ஆட்டம். பிரசிய நாட்டில் ரைசுவிட்சு என்பார் 1812-இல் அரசர்க்கு ஒன்றை அமைத்துக் காட்டினார். அவர் மகனார் 1824-இல் அதனைத் திருத்திப் பகடையும் நடுவரும் உடையதாக வெளியிட்டார். பின்னர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்சு 1913-இல், உலகப் பெரும்போர் மூளுதற்கு ஓராண்டு முன்னர், பொம்மை வீரரைக் கொண்டு ஆடும் ஆட்டத்துக்கு விதிநூல் ஒன்று இயற்றினார். துணைப்படையினின்று தனிப்பட்டு, மிக்க படையால் தாக்குண்ட சிறுபடையின் வீரர் சிறைப்படுவர் என்பதற்கு அந்நூலில் விதி உண்டு. கொல்லுதலும் சிறைபிடித்தலும் வேறுவேறு முடிவுகள் என்னும் தெளிவு, ஆக, இக்குடும்பத்தின் முன்னோரிடத்தே இருந்தது.

அமெரிக்காவில் கேரி கைகாக்சும் செப் பெரினும் இயற்றிய செயின்மெயில் என்னும் நூல் 1971-இல் வெளிவந்தது. இடைக்காலப் போர்களை ஆடுதற்கு உரிய இந்நூலின் பிற்சேர்க்கையில் டிராகன், பூதம், மந்திரவாதி முதலியோர்க்கும் இடம் அளிக்கப்பெற்றது. இந்நூலில் யாம் குறிக்கத்தக்கதாகக் கருதுவது மனவுறுதி விதியாகும். கைகலந்த இரு படைகளின் இழப்பையும் எஞ்சிய எண்ணிக்கையையும் பகடையையும் கூட்டிக் கணக்கிட்டபின், தோற்ற படை ஒழுங்காகப் பின்வாங்கலாம், சிதறி ஓடலாம், மிகத் தாழ்ந்த நிலையிற் சரணடையலாம். சரணடைதல் என்பது இங்கே வென்றவனின் அருள் அன்று, தோற்றவனின் அச்சம். பகடை உருள்வது தோற்றவன் நெஞ்சை அறிதற்கு. வென்ற பக்கத்தான் விரும்பினாலும் விரும்பாவிடினும், படைக்கலத்தை எறிந்துவிட்டுக் கையுயர்த்தி நிற்கும் ஒருவன் மேசைமேல் தோன்றிவிடுகிறான். இந்நுட்பத்தை ஆடுவோர் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெசிலி 1969-இலும், அவரைப் பின்பற்றி டேவ் ஆர்னிசன் 1971-ஐ ஒட்டியும் நிகழ்த்திய ஆட்டங்களில், படை முழுவதற்கும் பதிலாகத் தனி மாந்தர் ஒருவரை மேற்கொண்டு ஆடும் முறை உருவாயிற்று. ஆர்னிசனும் கைகாக்சும் கூடி 1974-இல் மூன்று சிறு நூல்களாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். படையாட்டத்தின் மனவுறுதி விதி இங்கும் தொடர்ந்தது. மாந்தரோ அறிவுடைய விலங்கோ மனம் தளர்ந்து சரணடைய முயலலாம் என்றும், பேச்சுக்கு இடமிருப்பின் இருதரப்பும் உடன்படிக்கை செய்து கொள்ளலாம் என்றும் அந்நூல் கூறுகிறது. நிலவறையில் எதிர்ப்படும் உயிரினங்களைப் பணியில் அமர்த்திக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால், அதற்குக் கைம்மாறு ஏதேனும் தருதல் வேண்டும். உயிரை விட்டுவைத்ததே கைம்மாறு எனக் கருதற்க என்று நூலாசிரியர் அடைவுபட ஒரு குறிப்பும் எழுதியுள்ளார். கொலையாட்டம் எனப் பழிக்கப்படும் நூலில், உயிர் தப்பியவனுக்கும் ஊதியம் வேண்டும் என்னும் விதி காணப்படுதல் நினைக்கத்தக்கது.

இதனைக் கொண்டு அந்நூலாசிரியரை அருளாளர் என்று முடிவு கட்டிவிடலும் பொருந்தாது. டிராகனைக் கொல்லாது அடக்கும் விதியை நோக்குக. வாளின் தட்டைப்புறத்தால் அடிப்பதுபோல, அடக்கும் நோக்குடன் தாக்குவதாக முன்னரே கூறிவிட வேண்டும். அடங்கிய டிராகனைச் சந்தையில் விற்கலாம். உயிர்ப்புள்ளி ஒன்றுக்கு 500 முதல் 1000 பொற்காசு விலை. 40 உயிர்ப்புள்ளி உடைய டிராகன் 20,000 முதல் 40,000 பொற்காசு வரை பெறும். பேசவும் மந்திரம் ஓதவும் வல்ல உயிர்களும் டிராகன்களுள் உண்டு என்பதை அதே நூல் கூறுகிறது. உயிரோடு விடுதல் வேறு, அருளுதல் வேறு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

ஆயினும், பொருளாசை இரக்கத்துக்கு எப்போதும் பகையாவதில்லை. ஐரோப்பிய இடைக்காலப் போர்களில் உயர்குடி வீரர் உயிர் பிழைத்தது பெரும்பாலும் மீட்புப் பணத்தால். 1356-இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னர் இரண்டாம் சானுக்கு 1360-இல் உறுதி செய்யப்பெற்ற மீட்புத் தொகை 30 இலட்சம் பொற்காசு. கொன்றால் பிணம், பிடித்தால் பெருஞ்செல்வம். மீட்புப் பணம் தரவியலாத காலாட்படையினர்க்கு இவ்வழக்கம் பெரிதும் பயன்படவில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். 1415-இல் அசின்கோர்ட்டுப் போரின் நடுவே ஐந்தாம் என்றி மன்னர் சிறைப்பட்டோரைக் கொல்ல ஆணையிட்டபோது பணம் தரவல்லாரும் தப்பவில்லை.

இவ்வரலாற்றை ஆட்ட விதியாக மாற்றியவருள் சிறந்தோர் 1978-இல் வெளிவந்த ரூன்குவெசுட்டு ஆட்டத்தார். சுடீவ் பெரின் முதலானோர் இயற்றிய இவ்வாட்டம் கிரெக் சுடாஃபோர்டு படைத்த குளோராந்தா என்னும் கற்பனை உலகில் நிகழ்வது. அங்கே வீரர்க்கு மீட்புத்தொகை உண்டு. தோற்றவன் அத்தொகையைக் கூறிச் சரணடையலாம். வென்றவன் அதனை ஏற்றல் வழக்கம். ஆடுவோரின் மாந்தரும் இவ்வழக்கத்தாற் பிழைக்கலாம் என்பதே இதன் உயிர்நாடி. தான் தோற்கும் நாளில் தனக்கு வேண்டப்படுவதை, தான் வென்ற நாளில் பிறர்க்கு அளிக்க ஆடுவோர் தாமே கற்றுக்கொள்கின்றனர். அறவுரை ஏதும் தேவைப்படவில்லை.

இனி, கொலைக்கும் ஊதியத்துக்கும் உள்ள தொடர்பைச் சிறிது விரித்துக் காண்போம். பொதுக் கருத்தின் பிழை இங்கேதான் தெளிவாகப் புலப்படுகிறது. இவ்வாட்டங்களில் மாந்தர் பட்டறிவுப் புள்ளி ஈட்டிப் படிப்படியாக உயர்வர். 1974-ஆம் ஆண்டு நூலில் எதிரியை வெல்வதற்குக் கிடைத்த புள்ளி மிகுதி. 1975-இல் வெளிவந்த கிரேஃகாக் என்னும் துணைநூல் அதனைப் பெரிதும் குறைத்தது. அதன்பின் வந்த அடிப்படை நூல்களின்படி, கோப்ளின் என்னும் சிற்றுருவப் பகைவன் ஒருவனை வென்றால் 5 புள்ளி. வீரன் இரண்டாம் படி ஏற வேண்டிய புள்ளி 2000. கோப்ளின்களை மட்டும் வென்று உயர விரும்புவோன் தன் பங்குக்கு 400 பேரை வீழ்த்துதல் வேண்டும். ஆனால், கண்டெடுத்து வெளிக்கொணரும் பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி உண்டு. எனவே, கொலையால் வரும் ஊதியம் அற்பம். செல்வத்தால் வருவதே பெரிது. பகைவனை ஏமாற்றினும், அச்சுறுத்தினும், அவனோடு உடன்படினும் பொருள் கைக்கு வந்தாற் போதும். 1979-இல் கைகாக்சு எழுதிய நடுவர் நூல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. கொல்லப்பட்டாலும் சிறைபிடிக்கப்பட்டாலும் பகைவனுக்குரிய புள்ளி முழுமையாகக் கிடைக்கும் என்றும், சிறைப்பட்டோரை மீட்புப் பணத்துக்கு விடுத்தால் அப்பணத்துக்கும் புள்ளி உண்டு என்றும் அது விதித்தது.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, பொன்னுக்குப் புள்ளி தரும் விதியை விரும்பினார் மட்டும் கைக்கொள்ளத்தக்கதாக ஒதுக்கிற்று. பேராசையைப் பரிசளித்து வளர்த்தல் ஆகாது என்னும் நல்லெண்ணத்தைப் பலர் இதற்குக் காரணமாகக் கூறுவர். விளைவோ வேறு. பொன்னின் இடத்தில் போர் அமர்ந்தது. 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் கோப்ளின் ஒருவனுக்கு 50 புள்ளி. இரண்டாம் படிக்கு வேண்டுவது 300. அறுவரை வென்றால் போதும். நானூறு எங்கே, ஆறு எங்கே! துரத்துதலும் சிறைபிடித்தலும் வெற்றியே என்று அப்பதிப்பும் கூறுகிறது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், போரே வேண்டாம் என ஒதுங்கிச் செல்வானுக்கு முற்காலத்து இருந்த ஊதியம் இல்லாது போயிற்று.

மனவுறுதி விதியின் வரலாறும் இதனையொத்தது. 1981-இல் டாம் மால்ட்வே தொகுத்த அடிப்படை நூலில், உயிரினம் ஒவ்வொன்றுக்கும் 2 முதல் 12 வரை ஒரு மனவுறுதி எண் உண்டு. தம்முள் முதற்சாவு நிகழ்ந்தபோதும், பாதிப்பேர் வீழ்ந்தபோதும் நடுவர் இரு பகடைகளை உருட்டுவார். அவ்வெண்ணை மிஞ்சின், அவர்கள் ஓட முயல்வர், அன்றேல் பின்வாங்குவர். ஆடுவோரின் மாந்தர்க்கு இச்சோதனை இல்லை. அவர் அஞ்சுவதும் அஞ்சாததும் அவர் விருப்பம். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இவ்விதி நடுநாயக இடத்தை இழந்தது. 2014-இல் நடுவர் நூலின் ஒரு மூலையில் விரும்பினார் கொள்ளும் விதியாக நின்றது. பகைவன் அஞ்சுவதற்கு விதி இல்லாதபோது, அஞ்சாது சாகும்வரை பொருதலே அவன் இயல்பாகிவிடுகிறது. சரணடைவான் ஒருவன் மேசைமேல் தோன்ற வேண்டுமாயின், நடுவர் அதனைத் தாமே நினைந்து செய்தல் வேண்டும். களைப்புற்ற நடுவர் நினைப்பதில்லை.

இதுகாறும் கூறியது விதியின் ஒரு வேர். மற்றொரு வேர், பகைவன் யார் என்பது. உயிர்விடை பெறத் தக்கவன் யார், தகாதவன் யார் என்னும் பாகுபாடு இவ்வாட்டத்துட் புகுந்தது அறச்சார்பு என்னும் விதியால். ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என 1974-இல் மூன்றாக இருந்த இப்பாகுபாடு, பவுல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்க்காக் ஆகியோர் கதைகளினின்று எடுத்தது. பின்னர் நன்மை, தீமை என்பனவும் சேர்ந்து ஒன்பதாயிற்று. ஒரு குலம் முழுவதையும் தீயது என ஒரே சொல்லாற் குறித்துவிட இதனால் இயன்றது. ஓர்க்கு என்னும் குலப்பெயர் டோல்கீனுடைய பெருங்கதையிலிருந்து வந்தது என்பது யாவரும் அறிந்தது. ஆங்கே இப்பாகுபாடு எத்துணை ஆழமாக ஊன்றியுள்ளது என்பதை அவர் கதையின் இரண்டாம் பகுதி காட்டும். ஃகெல்ம் பள்ளத்தாக்குப் போரில் தோற்ற டன்லாந்து மனிதர்க்கு உயிர்விடை கிடைக்கிறது. சிறைப்பட்டாரை உயிரோடு எரிப்பர் எனத் தம் தலைவனாற் பொய் கூறப்பெற்றிருந்த அவர்கள், வென்றாரின் அருள் கண்டு வியக்கின்றனர். அதே களத்தில் தோற்றோடிய ஓர்க்குகளுள் ஒருவனும் பிழைத்திலன். மரங்களின் இருளுட் புகுந்தோர் மீளவில்லை. 1955-இல் வந்த இறுதிப் பகுதியிலும் சரணடைந்த கிழக்கு நாட்டு மனிதரை மன்னர் மன்னித்து விடுக்கிறார். ஓர்க்குகளைப் பற்றி அவ்வாறு ஒரு சொல்லும் இல்லை. டோல்கீன் பிற்காலத்தில் ஓர்க்குகளின் பிறப்பும் உயிரியல்பும் பற்றித் தமக்குள் மாறுபட்டு எழுதிவைத்த குறிப்புகள் 1993-இல் அவர் மகனாரால் அச்சிடப்பெற்றன. அவர் மனத்தை இச்சிக்கல் உறுத்திற்று என்பதற்கு அவை சான்று.

கதையில் ஆசிரியர் விட்ட இடைவெளி ஆட்டத்தில் வெளிப்பட்டே தீரும். கதையுள் ஓர்க்கின் குழந்தையைக் காட்டாது ஆசிரியர் விட்டுவிடலாம். ஆட்டத்திலோ, ஆடுவோர் கதவைத் திறப்பர். 1979-இல் கைகாக்சு எழுதிய கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ் என்னும் எல்லைக்கோட்டைக் கதை, புதிதாக ஆடத் தொடங்குவார்க்கென அடிப்படைத் தொகுதியோடு சேர்த்து வழங்கப்பெற்றமையால் பெரும்புகழ் பெற்றது. அதிற் குழப்பக் குகைகள் எனும் பள்ளத்தாக்கில் பல குலத்தார் வாழ்கின்றனர். குகைதோறும் ஆடவர் இத்துணையர், பெண்டிர் இத்துணையர், இளையர் இத்துணையர் என நூல் கணக்கிட்டுக் கூறுகிறது. இளையர் தாக்கமாட்டார் என்ற குறிப்பும் ஆங்காங்கே உண்டு. இவர்களை என் செய்வது என்று நூல் கூறிற்றில்லை. அந்நூலை ஆடிய மேசைதோறும் இவ்வினா எழுந்திருத்தல் வேண்டும். பல மேசைகளில் நட்பே முறிந்ததாகக் கேள்வியுறுகிறோம்.

அக்குகைகளுள் ஒன்றில், ஃகாப்கோப்ளின் குலத்தார் உணவுக்கென அடைத்துவைத்த சிறைப்பட்டோர் சிலர் உளர். அவருள் வணிகன் ஒருவன், அவன் மனைவி, காவலர் ஆகியோரோடு ஓர்க்கு ஒருவனும் நோல் ஒருவனும் கிடக்கின்றனர். ஓர்க்கை விடுவித்துப் படைக்கலம் தந்தால், தன்னைச் சிறைப்படுத்தினாரோடு மகிழ்ந்து பொருவான்; வாய்ப்பு நேரின் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு தன் குலத்தாரிடம் ஓடிவிடுவான். நோல் பித்தேறியவன், விடுவித்த கையையே தாக்குவான். ஒரே அறையில், ஒரே சங்கிலியில், தீய குலத்தார் எனப்படும் இருவர்க்கு இருவேறு நெஞ்சம் வகுத்தார் ஆசிரியர். ஓர்க்கு செய்வது நன்றியின்மை போலத் தோன்றினும், தாயகம் திரும்ப விழையும் சிறையாளி எவனும் அதனையே செய்வான் என்க.

இதனினும் வியத்தகு விதி அந்நூலில் வேறொன்றுண்டு. குகைவாழ் குலத்தார் ஆடுவோரின் மாந்தரைச் சிறைபிடித்து, ஒருவனை மட்டும் கோட்டைக்கு அனுப்பி மீட்புப் பணம் கொணரச் செய்யலாம். ஆளுக்கு 10 முதல் 100 பொற்காசு எனத் தொகை குறைவாக இருத்தல் வேண்டும். பணம் வந்தால் அவர்களை விட்டுவிட வேண்டும். வாக்குத் தவறாத பகைவர்! இப்புகழால் அக்குலத்துக்கு ஆள்வலி பெருகும் என்றும் நூல் கூறுகிறது. குழப்பத்தின் மக்கள் எனப் பெயர் சூட்டப்பெற்றோர் போர்வழக்கம் பேணுகின்றனர். ஆடுவோரும் அவ்வாறே பேணுக என்று நூல் வெளிப்படக் கூறாமையை யாம் ஒரு குறையாகவே கருதுகிறோம்.

அதே கைகாக்சு 2005-இல், ஆர்வலர் கேட்ட வினாக்களுக்கு விடையளித்தபோது கூறிய கருத்து இவ்வரலாற்றில் ஒரு கரும்புள்ளியாயிற்று. பலாடின் எனப்படும் அறவீரன், சரணடைந்த தீயோரைக் கொல்லுதல் முறையே என்றார். தீமையைக் கைவிட்டு நல்வழி திரும்பினாரைக்கூட, மீண்டும் வழுவுமுன் உலகைவிட்டு அனுப்பலாம் என்னும் பொருள்படவும் பேசினார். பகைவரின் குழந்தைகளைப் பற்றிய விடையில், ஈருக்கும் பேனுக்கும் உள்ள தொடர்பைக் கூறும் ஒரு பழந்தொடரை எடுத்தாண்டு, கர்னல் சிவிங்டன் பெயரையும் சுட்டினார். அப்பெயரை அறியாதார்க்கு இது ஒரு விளையாட்டுப் பேச்சு. அறிந்தார்க்கு அன்று. 1864 நவம்பர் 29-இல் கொலராடோ நிலப்பகுதியில் சாண்ட் கிரீக்கு ஓடைக்கரையில், சமாதானம் வேண்டித் தங்கியிருந்த செயேன், அரபாகோ மக்களின் குடியிருப்பை, அமெரிக்கக் கொடியும் வெள்ளைக் கொடியும் ஏற்றப்பெற்றிருந்த நிலையில், சிவிங்டனின் படை தாக்கிற்று. இறந்தோருள் பெரும்பாலோர் பெண்டிரும் சிறாரும் முதியோரும் ஆவர். அமெரிக்கப் பேரவையின் குழு 1865-இல் அச்செயலைக் கடிந்து அறிக்கை அளித்தது.

கைகாக்சு அக்கொலையை விரும்பினார் என்று கூறுதல் மிகை. புனைவுலகில் தீமை பிறவியியல்பு என்று விதி கூறும்போது, அவ்விதியின் வழியே தருக்கம் எங்கே சென்று முடியுமோ அங்கே அவர் சென்றார், அவ்வளவே. ஆனால், அவ்விடத்தை அடைந்தபோது அவர்க்கு வாய்த்த சொல் புனைவுலகச் சொல்லாக இல்லை, மண்ணுலகில் மெய்யாகவே ஒரு மக்களை அழித்தவன் சொல்லாக இருந்தது. ஆட்டம் வேறு உலகம் வேறு என்று எளிதாகப் பிரித்துவிட இயலாமை இதனாற் பெறப்படும்.

கொலையைத் தூண்டுவது விதி ஒன்றே எனவும் கூறற்க. நடுவரின் பழக்கமும் பெருங்காரணம். விடப்பெற்ற பகைவன் ஒவ்வொருவனும் மறுநாளே படை திரட்டி வந்து தாக்குவானாயின், மும்முறைக்குள் ஆடுவோர் பாடம் கற்றுக்கொள்வர். சிறைப்பட்டவனைக் கட்டுதல், உணவளித்தல், இரவிற் காத்தல் ஆகியவற்றையெல்லாம் நடுவர் நீட்டி நீட்டிக் கேட்பாராயின், அலுப்பே அவன் உயிரை வாங்கிவிடும். கொடியவராய் ஆட விரும்பாத நல்லோரும் இக்காரணங்களால் வாளை எடுக்கின்றனர்.

1985-இல் சுடாஃபோர்டு இயற்றிய பென்டிராகன் என்னும் ஆட்டம் இச்சிக்கலை முற்றிலும் வேறுபட்ட முறையில் அணுகிற்று. இவ்வகை நூல்களுள் யாம் பெரிதும் மதிப்பது இதனையே. ஆர்தர் மன்னரின் வீரரைப் பற்றிய இவ்வாட்டத்தில், ஒவ்வொரு மாந்தர்க்கும் பண்புகள் இரட்டை இரட்டையாகப் பதின்மூன்று உள. அவற்றுள் ஓர் இரட்டை இரக்கமும் கொடுமையும். இரண்டன் கூட்டுத்தொகை எப்போதும் 20. இரக்கம் 14 ஆயின் கொடுமை 6. தோற்றவன் காலடியிற் கிடக்கும்போது, வென்ற வீரனின் இரக்கத்தை இருபது பக்கப் பகடையாற் சோதிக்கலாம். பண்பு 16-ஐ எட்டிப் புகழ்பெற்றுவிட்டால், ஆடுவோன் விருப்பத்துக்கு மாறாகவும் பகடை முடிவு செய்யக்கூடும். தான் செய்த செயலால் அப்பண்பு வளரும். மாறுபட்ட செயலால் தேயும். இரக்கம், ஈகை, நேர்மை, ஊக்கம், அடக்கம், மறம் ஆகிய ஆறன் கூட்டு 80-ஐ எட்டின், அவ்வீரன் உடலுக்கு மந்திரக் கவசம்போல் ஒரு காப்பும் வாய்க்கும்.

செயின்மெயிலையும் பென்டிராகனையும் அருகருகே வைத்து நோக்குக. முன்னதில் பகடை உருள்வது தோற்றவனின் அச்சத்தை அறிய. பின்னதில் உருள்வது வென்றவனின் அருளை அறிய. இரண்டிலும், உயிர் பிழைப்பது ஆடுவோனின் அப்போதைய மனநிலைக்கு முற்றும் விடப்படவில்லை. காப்பு வீரர் கதைகளை ஆடும் ஆட்டங்களிலும் இத்தகைய கட்டுகள் உண்டு. 1981-இல் வந்த சாம்பியன்சு ஆட்டத்தில் கொல்லா நெறி ஒரு மனக்கட்டாக எழுதப்பெற்று அதற்குப் புள்ளியும் அளிக்கப்பெற்றது. 1984-இன் மார்வல் ஆட்டத்தில் கொலை செய்த காப்பு வீரன் ஈட்டிய நல்வினைப் புள்ளி முழுவதையும் இழப்பான். அவை புனைவாட்ட மரபின் கிளையாதலின் விரித்திலம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மரபு இவ்விரு வழியையும் விட்டு மூன்றாவதொன்றைத் தேர்ந்தது. மூன்றாம் பதிப்பில் கூரிய படைக்கலத்தாற் கொல்லாது அடிக்க விரும்புவோன், குறி தவறும் இடரை ஏற்று நான்கு எண் குறைத்து உருட்டுதல் வேண்டும். இரக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. அப்பதிப்பைச் சார்ந்து 2003-இல் வெளிவந்த நன்னெறி நூல் ஒன்று, சரணடைந்தானை ஏற்றல் நல்லோர் கடன் என்றும், அவன் பின்னர் வஞ்சித்தாலும் அக்கடன் நீங்காது என்றும் விரிவாகப் பேசிற்று. 2008-இல் நான்காம் பதிப்பு அவ்விலையை நீக்கிற்று. இறுதி அடி விழும் நொடியில், கொன்றேன் என்பதற்குப் பதிலாக மயக்கினேன் என்று கூறினாற் போதும். ஐந்தாம் பதிப்பு அதனைக் கைகலந்த அடிக்கு மட்டும் உரியதாக்கிற்று. வில்லாளிக்கு இவ்வுரிமை இல்லை.

எளிமை நன்றே. ஆனால், ஈண்டு நிகழ்ந்த மாற்றத்தைக் கூர்ந்து காணுதல் வேண்டும். பழைய விதியில் தோற்றவன் தானே படைக்கலத்தை எறிந்து உயிர் வேண்டுவான். வேண்டியவனைக் கொல்வது ஒரு செயலாகிக் கண்முன் நிற்கும். புதிய விதியில் அவன் வேண்டுவதில்லை. வேண்டும் நிலையில் அவனை விதி நிறுத்துவதுமில்லை. அடி விழுமுன் அவன் பகைவன். அடி விழுந்தபின் பிணம், அல்லது மயங்கிய உடல். இரண்டனுள் எது என்பதை வென்றவன் ஒருவனே கூறுகிறான். வாய் திறவாதவனுக்கு அளிக்கும் அருளும் அருளே எனலாம். எனினும், அவனோடு பேச்சு நிகழ்வதில்லை, உடன்படிக்கை இல்லை, மீட்புப் பணம் இல்லை, அவன் பெயரைக்கூட எவரும் கேட்பதில்லை. 1974-ஆம் ஆண்டு நூலில், கொடுமையும் வணிகமும் கலந்திருந்தபோதிலும், தோற்றவனுக்கு ஒரு வாய் இருந்தது.

2012-இல் வெளிவந்த டஞ்சன் வேர்ல்டு என்னும் ஆட்டத்தில் அறவீரனுக்கு இரு நெறிகள் கொடுக்கப்பெற்றுள்ளன. எளியோரைக் காக்கத் தன்னை இடருக்கு உள்ளாக்குவோன் நன்னெறியாலும், குற்றவாளிக்கோ தன் நம்பிக்கை இல்லாதவனுக்கோ இரக்கம் மறுப்போன் ஒழுங்கு நெறியாலும் புள்ளி பெறுவர். ஒழுங்கு வேறு, நன்மை வேறு என்பதை இத்துணைச் சுருக்கமாக எந்நூலும் கூறிற்றில்லை. 2020-இல், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தார், ஓர்க்கு முதலிய குலத்தாரைப் பிறவித் தீயோராகக் காட்டும் வழக்கம் மண்ணுலக மக்களினங்களை இழித்துக் கூறிய பழம் பேச்சை ஒத்திருத்தலை ஏற்று, அதனைத் திருத்துவதாக அறிவித்தனர். இரண்டாம் வேர் இவ்வாறு அசைக்கப்பெற்றது. முதல் வேராகிய மனவுறுதியும் சரணடைதலும் முன்பிருந்த இடத்துக்கு மீளவில்லை.

2024-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு மயக்கும் விதியைச் சற்று மாற்றியுள்ளது. கைகலந்த அடியால் பகைவனின் உயிர்ப்புள்ளி இன்மையாகும் நொடியில், அடித்தவன் விரும்பினால் அதனை ஒன்றாக நிறுத்தலாம். பகைவன் மயங்கி வீழ்வான். அப்பொழுதே அவனுக்குக் குறு ஓய்வு தொடங்கும். குறு ஓய்வின் அளவு ஒரு மணி நேரம். அது முடிந்து அவன் கண் விழித்தபின் அவனோடு பேசுவது யார், பேசுவது யாது என்பதை அவ்விதி கூறுவதில்லை.